வைக்கோல் கன்னுக்குட்டி

எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழாத மூலையில் ஒரு சட்டி இருக்கிறது. அதில் நிற்கும் இச்சி மரத்துக்கு ஏழு வயது இருக்கும். அது கட்டிப்பிடித்து நிற்கும் கட்டையின் வயது என் தாத்தாவுக்கே தெரியாது. வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டையும் ஒரே மரமாகத்தான் பார்க்கிறார்கள். "நூறு வருஷம் இருக்குமா சார்?" என்று கேட்பார்கள். ரொம்ப நாள் நானும் "இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

சட்டியில் மரத்தைக் குள்ளமாக வளர்க்கும் கலைக்குப் போன்சாய் என்று பெயர். அதை வளர்ப்பவர்களுக்கு இது தெரிந்த வித்தைதான். காய்ந்து இறுகிய ஒரு பழைய கட்டையில் கீழிருந்து மேலாகப் பள்ளம் வெட்டி, இளங்கன்றின் தண்டை அதற்குள் படுக்கவைத்து இறுக்கிக் கட்டிவிடுவது. கன்று பெருக்கப் பெருக்கப் பள்ளம் நிறையும். அப்புறம் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கி வெளியே வழியும். அதன்பின் கட்டை எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்று சட்டெனச் சொல்ல முடியாது. இடி விழுந்து பாதி செத்து, மீதிப் பாதியில் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கிழட்டு மரம் மாதிரி இருக்கும்.

இதை ஒட்டு என்று சிலர் சொல்கிறார்கள். மேல்நாட்டில் பீனிக்ஸ் ஒட்டு என்றே பெயர். நம்மூரில் ஒட்டு மா வைக்காத கொல்லை உண்டா? ஒட்டில் இரண்டு பக்கமும் பச்சை. பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்திசு இரண்டும் ஒன்றோடொன்று கலந்து, ஒன்றின் தண்ணீரை இன்னொன்று குடிக்கும். இங்கே அந்தக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. செத்த கட்டை ஒரு சொட்டுத் தண்ணீர் ஏற்றாது. கன்று தன் வேரில் தான் நிற்கிறது, பள்ளத்துக்குள் பெருத்து மாட்டிக்கொள்கிறது, அவ்வளவே.

ஜப்பானில் இதற்குப் பெயர் தனுகி. தனுகி அங்கே காட்டில் திரியும் ஒரு பிராணி. நாய்க் குடும்பம், ஆகவே நரிக்குத் தூரத்துச் சொந்தம். நினைத்த உருவம் எடுத்து மனுசரை ஏமாற்றும் என்று அந்த ஊர்க் கதைகளில் வரும். நம்மிடம் நரி பரியாகி, ராத்திரி மறுபடி நரியாகி லாயத்தில் ஊளையிட்ட கதை இருக்கிறதே, அந்த வகையறா. பெயர் வைக்கும்போதே 'இது ஏமாற்று' என்று ஒரு குத்து வைத்துவிட்டார்கள். மரபான கண்காட்சிகளில் இதைச் சேர்ப்பதில்லை. அங்குள்ளவற்றில் பெரிய பெயர் கொக்குஃபு கண்காட்சிக்கு; அது 1934இல் டோக்கியோவின் உவேனோவில் தொடங்கியது. மேட்டூர் அணை கட்டி முடித்ததும் அதே 1934தான். இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனாலும் டெல்டாக்காரனுக்கு 1934 என்றால் வேறெதுவும் முதலில் ஞாபகத்துக்கு வராது.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். போன்சாயில் பட்டை உரிந்து வெளுத்துக் காய்ந்த கிளையை ஜின் என்கிறார்கள். எழுதும் எழுத்துக்குப் பொருள் தெய்வம். அதே மாதிரி அடிமரம் காய்ந்து நின்றால் ஷாரி. ஷாரி என்றால் புத்தரின் எலும்பு, அஸ்தி. மூலச்சொல் சமஸ்கிருதத்துச் சரீரம். நம் பாட்டிகள் "சரீரம் தள்ளலைப்பா" என்பார்களே, அதே சரீரம்தான் கடல் தாண்டிப் போய் ஒரு செத்த மரத்துக்குப் பெயராக நிற்கிறது. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் கட்டிய புத்த விகாரம் இருந்த நாகப்பட்டினம் இங்கிருந்து பேருந்தில் கிட்டத்தில்தான்.

கட்டை எப்படிக் கிடைத்தது என்பதற்கு வருகிறேன்.

2018 நவம்பர் 15 ராத்திரி கஜா புயல் வந்தது. நள்ளிரவுக்கு மேல் வேதாரண்யம் பக்கமாகக் கரையேறி, எங்கள் மன்னார்குடிப் பக்கமெல்லாம் தென்னையைத் தென்னையாகப் படுக்கப் போட்டுவிட்டுப் போனது. அந்த விடியலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள்; நான் எழுதப்போவதில்லை. எனக்கு இங்கே வேண்டியது விழுந்த மரங்கள் மட்டும். வருடக்கணக்கில் எங்கே பார்த்தாலும் தென்னங்கட்டை. போன்சாய் ஆசை அப்போதுதான் தொற்றியிருந்தது. சும்மா கிடக்கிறதே என்று ஒரு தென்னை அடித்துண்டை எடுத்துப் பள்ளம் வெட்டினேன். வெளியே கல் மாதிரி இருந்தது; ரெண்டு அங்குலம் உள்ளே போனதும் உளி சோற்றில் இறங்குவது மாதிரி இறங்கியது. அப்படியும் விடாமல் ஓர் ஆலங்கன்றைக் கட்டி வைத்தேன். ஒரே மழைக்காலத்தில் உள்ளே எல்லாம் நார்க்கூழாகி, வெளி ஓடு மட்டும் டிரம் மாதிரி நின்றது.

இதை முன்னாடியே யோசித்திருக்கலாம். வைரம், அதாவது தண்டில் இறுகிக் கெட்டியான பகுதி, உள்ளே இருந்தால் மரம், வெளியே இருந்தால் புல் என்று தொல்காப்பிய மரபியல் பிரித்து வைத்திருக்கிறது. காழ் என்பது அதன் சொல். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். இன்றைய தாவரவியலும் அவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலை என்றுதான் வைக்கிறது. ஓட்டு வீட்டுக்குப் பனங்கை அறுக்கிறவர்கள் உள்சோற்றைக் கழித்துவிட்டு வெளிக்காழை மட்டும் எடுப்பது இதனால்தான். இலக்கணம் படித்தவன் நான், ஓடு வேய்ந்த வீட்டில் பிறந்தவன் நான். தென்னையில் போய் வைரத்தைத் தேடியிருக்கிறேன்.

கிராமத்துக் களத்து மேட்டில் ஒரு புளியமரம் இருந்தது. தாத்தா சின்னப் பையனாக இருந்தபோதே அது கிழம். கஜாவில் வேரோடு சாய்ந்தது. அடிமரத்தில் ஒரு துண்டை, கறிக்கடையில் வைத்து வெட்டும் கட்டைக்கென்று ஒருவர் கேட்டு வாங்கிப் போனார். மீதியைச் செங்கல் சூளைக்கு லாரி ஏற்றினார்கள். லாரிக்காரர் வேண்டாம் என்று ஒதுக்கியது ஒரு கோணல் கொம்பை. புயலுக்கு ரொம்ப வருடம் முன்பே காய்ந்து மரத்தோடு நின்ற கொம்பு அது. காக்கா உட்காரும் கொம்பு என்றுதான் வீட்டில் சொல்வோம். ரெண்டடி நீளம். அடியில் தொடைக் கனம், நுனியில் மணிக்கட்டுக் கனம், நடுவில் ஒரு முறுக்கு.

புளியில் வெளிறு, அதாவது வைரத்தைச் சுற்றியுள்ள மென்மையான பகுதி, அதிகம்; வைரம் கொஞ்சம். மஞ்சளாக இருக்கும் வெளிறைப் பூச்சி சீக்கிரம் அரித்துவிடும். இந்தக் கொம்பிலும் மேல்பக்கமெல்லாம் உளுத்து, தட்டினால் மாவாகக் கொட்டியது. கம்பி பிரஷ்ஷால் ஒரு வாரம் தேய்த்தேன். உளுத்ததெல்லாம் போன பின்னால் உள்ளே கருஞ்சிவப்பில், நாவல் பழம் தின்ற நாக்கு மாதிரி ஒரு நிறத்தில் வைரம் தெரிந்தது. ரேகையெல்லாம் முறுக்கோடு சேர்ந்து சுழன்று மேலே ஓடியது. அந்த ரேகையைப் பார்த்த பிறகு பள்ளத்தை எங்கே வெட்டுவது என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

வெட்டுவதுதான் முடியவில்லை. தெரிந்த ஆசாரி ஒருவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கொட்டாப்புளியால் ஒரு தட்டு தட்டிச் சத்தத்தைக் கேட்டார்.

"வைரம் பாய்ஞ்ச கட்டை தம்பி. என்ன செய்யணும்?"

"இந்த ரேகையோட ஒரு பள்ளம் வேணும்ண்ணே. விரல் போற அளவு. வாய் குறுகலா, உள்ள அகலமா."

"எதுக்கு?"

சொன்னேன். கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நரசிங்கம்பேட்டையில நாயனம் பண்றவங்க இடிச்ச வீட்டு ஆச்சாக் கட்டையைத் தேடித் தேடி வாங்குவாங்க, பழசு ஆக ஆக நாதம் வரும்னு. அதுல ஒரு நியாயம் இருக்கு. நீங்க உசுரை எடுத்துப் பொணத்துக்குள்ள சொருகுறேங்கிறீங்க." சொல்லிவிட்டு உளியைத் தீட்ட ஆரம்பித்தார்.

வாய் குறுகி உள்ளே அகன்றிருக்க வேண்டும் என்பதில்தான் சூட்சுமம் முழுக்க. நேர்ச்சுவர் வைத்துப் பள்ளம் எடுத்தால், தண்டு பெருக்கும்போது தன்னையே வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். உள்ளே குடம் மாதிரி அகன்றிருந்தால் தண்டு அங்கே போய்ப் பருக்கும். பருத்த பின் கழுத்தை வெளியே இழுக்க முடியாது. ஆசாரிக்கு இதை நான் விளக்கவில்லை. "ஓ, கழண்டு வரக் கூடாது, அவ்வளவுதானே" என்று அவரே உளியைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். ரெண்டு நாள் வேலை. உளி மூன்று தடவை மழுங்கியது. கூலி வாங்கிக்கொண்டார், உளிக்கு வாங்கவில்லை.

எந்தச் செடியை வைப்பது? ஜப்பானில் ஜுனிபர் என்ற ஊசியிலைச் செடியை வைப்பார்கள். படங்களைப் பார்த்து மயங்கி நானும் நர்சரியில் மூன்று வாங்கினேன். மன்னார்குடிச் சித்திரை மூன்றையும் விளக்குமாறாக்கிவிட்டது. நமக்கு ஆலும் அரசும் இச்சியும்தான். வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இவை இந்த வேலையை நம் கண்ணெதிரே காலங்காலமாகச் செய்துகொண்டிருக்கின்றன. பாமணி ஆற்றங்கரையில் போனால் பனையைத் தழுவிய ஆல் ஒன்றிரண்டு இன்றைக்கும் தெரியும். பறவை பழம் தின்று போட்ட விதை மட்டை இடுக்கில் முளைக்கும். வேர் பனையைச் சுற்றிக்கொண்டே மண்ணுக்கு இறங்கும். வேறு மரமாக இருந்தால் அது பெருக்க முடியாமல் நெருக்குப்பட்டுச் சாகும். பனை வருடா வருடம் பெருக்கும் ஜாதி இல்லை. அதனால் அந்தப் பிடிக்குள்ளேயே ரொம்ப காலம் நிற்கும். தலைக்கு மேல் ஆல் குடை விரித்து வெயிலை மறைக்கும்போதுதான் மெதுவாகப் போகும். அப்புறம் பார்த்தால் ஆல் மட்டும் நிற்கும், நடுவில் பனையின் வடிவத்தில் ஒரு பொந்தோடு. அங்கே உயிர் வந்து சாவைப் போர்த்துகிறது. அதற்குப் பெயர் தனுகி என்று யாரும் சொல்வதில்லை.

இச்சிக் கன்றை முக்கால் அடி பிவிசி குழாயில் நட்டு வளர்த்தேன், வேரும் தண்டும் நீளமாக வரட்டும் என்று. சுண்டுவிரல் கனம் வந்ததும் 2020 புரட்டாசியில் பள்ளத்தில் வைத்துப் பிளாஸ்டிக் டேப்பால் அடி முதல் நுனி வரை காற்றுப் புகாமல் சுற்றினேன். புரட்டாசி! அடைமழை முன்னால் நிற்கிறது, அதைப் போய் மூச்சு முட்டக் கட்டியிருக்கிறேன். மார்கழியில் பிரித்தேன். பள்ளத்தில் தண்ணீர் தேங்கி, தண்டு கருத்துக் கொழகொழவென்று இருந்தது. பட்டையைத் தொட்டதும் சாக்ஸ் கழல்வது மாதிரி கழன்று கையோடு வந்தது.

நல்லவேளை, குழாயில் இன்னொரு கன்று இருந்தது. அதற்குக் காத்திருந்து, 2021 சித்திரைக் கடைசியில், வெயில் உச்சத்தில், இச்சி வெறிகொண்டு வளரும் பருவத்தில் வைத்தேன். இந்தத் தடவை தண்டின் முதுகுப் பக்கத்தில் மட்டும், கட்டையில் படும் இடத்தில், ஒரு மெல்லிய பட்டை சீவினேன். பால் வழிந்தது, துணியால் ஒற்றி எடுத்தேன். சீவின ஓரம் இரண்டிலும் புதுத்திசு தடித்து வளரும், பள்ளத்தின் மூலைக்கெல்லாம் போய் நிறையும். கட்டுவதற்கு நனைத்த வாழை நார். அது தானே மட்கி விழும். அதன்மேல் இடைவெளி விட்டுப் பழைய சைக்கிள் டியூப் கீற்று. டியூப் மாதிரி ஒன்று கிடையாது: இறுக்கியும் பிடிக்கும், மரம் பெருத்தால் இடமும் கொடுக்கும். முறுக்கு திரும்பும் இடங்களில் டியூபுக்கும் பிடி போதவில்லை. அங்கே மட்டும் நான்கு சின்னத் திருகாணிகளைத் தண்டின் ஊடாகவே கட்டையில் இறக்கினேன். இரும்பு வேண்டாம், துரு ஊறிக் கறை விழும். கும்பகோணம் பெரிய தெருவில் பித்தளைத் திருகாணி வாங்கி வந்தேன். உயிருள்ள தண்டில் ஆணி அடிப்பதா என்று கை நடுங்கியது உண்மை. இச்சி அதைச் சட்டையே செய்யவில்லை.

மண் விஷயம் சுருக்கமாக: நம் வண்டல் சட்டிக்கு ஆகாது, சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். சூளையில் உடைந்த செங்கலை நொறுக்கிச் சல்லடையில் சலித்துப் போட்டேன். கட்டையின் அடி மண்ணைத் தொட்டால் கரையானுக்கு விருந்து. அதற்கு முந்திரிக்கொட்டைத் தோல் எண்ணெய், படகுக்கும் உத்திரத்துக்கும் பூசுவார்களே, அது. பூசி ஒரு மாதம் காயவிட்ட பிறகுதான் சட்டியில் வைத்தேன். கையுறை போடாமல் பூசி, ரெண்டு வாரம் கைத்தோல் உரிந்தது தனிக் கதை.

அப்புறம் ரெண்டு வருடம் ஒன்றும் செய்யக் கூடாது. இதுதான் எனக்கு உளி வேலையை விடக் கஷ்டம். மேலே கிளை தறிகெட்டுப் போகும், வெட்டக் கை துறுதுறுக்கும். வெட்டக் கூடாது. மேலே விட்டால்தான் கீழே தண்டு பெருக்கும். தனுகி என்ற பெயரில் நான் பார்த்த பலது, குச்சியில் கொடி படர்ந்த மாதிரி இருப்பதற்கு இந்த அவசரம்தான் காரணம். வடிவம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அது கட்டையை நிறைக்க வேண்டும்.

கட்டையை வெளுக்கவைக்கச் சுண்ணாம்பு-கந்தகக் கரைசல் பூசுவார்கள். அழுகலையும் அது தடுக்கும். விவசாயத்தில் பூஞ்சணத்துக்கு அடிக்கும் பழைய மருந்துதான். நாட்டு மருந்துக் கடையில் கந்தகம் வாங்கி, ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டு பங்கு கந்தகம், பத்துப் பங்கு தண்ணீர் என்று கொல்லையில் விறகடுப்பு மூட்டிக் காய்ச்சினேன். கஷாயம் மாதிரிச் செம்மஞ்சளாக வரும். திறந்தவெளியில்தான் செய்ய வேண்டும், எந்த அமிலமும் கிட்டே வரக் கூடாது. வந்தால் எழும் ஆவி விஷம். நாற்றமோ, தெருவே கேட்டது. "என்னடா, கூடை முட்டையும் கூமுட்டையா?" என்று உள்ளேயிருந்து அம்மா. மண்ணையும் பச்சைத் தண்டையும் பாலித்தீனால் மூடிக்கொண்டு, ஈரப்படுத்திய கட்டையில் மட்டும் பிரஷ்ஷால் பூசினேன். பூசினதும் மஞ்சள். வெயில் ஏற ஏற வெளுத்து, சாயங்காலம் பார்த்தால் அந்தக் கருஞ்சிவப்பு வைரம் விபூதி பூசின மாதிரி நின்றது.

அன்றைக்குத்தான் அம்மா மாடிக்கு வந்து அதை முதல் தடவையாக நின்று பார்த்தார்.

"இது நம்ம களத்துப் புளிதானே?"

"ஆமாம்மா. காக்கா கொம்பு."

"இது?"

"இது இச்சி. நான் சேர்த்துக் கட்டினது."

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "வைக்கல் கன்னுக்குட்டி மாதிரி பண்ணியிருக்கே" என்றார்.

புதுத் தலைமுறைக்கு இது தெரியாமல் இருக்கலாம். கன்று செத்துப்போனால் பசு பால் சுரக்காது. செத்த கன்றின் தோலை உரித்துப் பதப்படுத்தி, உள்ளே வைக்கோல் அடைத்துத் தைத்து, கறக்கும்போது பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு தடவை செய்தோம். எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். நான்கு மூங்கில் குச்சிதான் கால். கண் இருந்த இடத்தில் தையல். பசு அதை நக்கும். நக்க நக்க மடி இறங்கும், அம்மா கறப்பார். ஒருநாள் வயிற்றுத் தையல் விட்டு வைக்கோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பசு தோலை ரெண்டு நக்கு நக்கியது. அப்புறம் அந்த வைக்கோலை உருவித் தின்றது. தின்று முடித்து மறுபடி நக்கியது. நான் ஓடிப்போய் அழுதேன்.

"அது ஏமாந்துபோச்சுன்னுதானேம்மா நான் அன்னிக்கு அழுதேன்" என்றேன்.

"ஏமாறுறதாவது. அதுக்கு அன்னிக்கே தெரியும்டா. வைக்கலைத் தின்னுச்சே, பார்க்கலை? தெரிஞ்சுதான் நக்குச்சு."

அதற்குப் பிறகு நூறு வருடமா என்று கேட்கிறவர்களிடம் நான் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இது புளி, இது இச்சி, இது செத்தது, இது உயிரோடு இருக்கிறது, சேர்த்தவன் நான். ஒருசிலர் முகம் சுருங்கிப்போகும், "அப்ப டூப்ளிகேட்டா?" என்பார்கள். நிறையப் பேர் அப்படிப் போவதில்லை. போன தையில் வந்த உறவுக்காரர் ஒருவர், கஜாவில் அறுபது தென்னையை இழந்தவர், முழுக்கக் கேட்டுவிட்டு உடனே குனிந்தார். பச்சைப் பக்கம் பார்க்கவே இல்லை. வெளுத்த கட்டையின்மேல் விரலை வைத்து அந்த முறுக்கோடு மேலே வரைக்கும் கொண்டுபோனார். "களத்துப் புளியா... இதுக்கு அடியில படுத்திருக்கேன்" என்றார்.

நுனியில் ஓரிடம் மெத்தென்று ஆகிறது. இந்தக் கோடையில் சுரண்டிவிட்டு மறுபடி கரைசல் பூச வேண்டும். அம்மா தினமும் காலையில் தண்ணீர் ஊற்றுகிறார். சட்டிக்கு மட்டும் ஊற்றினால் போதும், கட்டையில் படக் கூடாது என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். கட்டைக்கும் ரெண்டு கை தெளித்துவிட்டுத்தான் இறங்கி வருகிறார்.

நான்கு திருகாணியில் அடியில் இருந்த இரண்டை இச்சி முழுக்க விழுங்கிவிட்டது. எங்கே இருந்தன என்று எனக்கே இப்போது காட்டத் தெரியாது. மூன்றாவதன் தலையில் பட்டை பாதி ஏறியிருக்கிறது, மீதிப் பாதியில் பித்தளை மினுங்குகிறது. மேட்டூர் திறந்து குறுவை நடவுக்குத் தண்ணீர் வருவதற்குள் அதுவும் உள்ளே போய்விடும்.